அஞ்சினாரைக் காண்டலும் அஞ்சுதலும்: திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், காணொளி விளையாட்டு ஆகியவற்றில் அச்ச வகைமை

ஆய்வுச்சுருக்கம்

பேய்ப்படம், மர்மத்தொடர், திகில் விளையாட்டு ஆகிய மூன்றும் ஒரே வகைமையின் மூன்று வடிவங்களாகவே பொதுவாகக் கருதப்படுகின்றன. மெய்ப்பாட்டியல் உரைமரபில் காணப்படும் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கருவியாகக் கொண்டு, இம்மூன்றும் அச்சத்தை வெவ்வேறு நிலங்களில் விளைவிக்கின்றன என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது. கடலூர், சிதம்பரம் உள்ளிட்ட பழைய தென்னார்க்காட்டு வட்டாரத்தின் பேய் வழக்காறுகளும், அவ்வட்டாரத்திற் பிறந்த புதுமைப்பித்தனின் எழுத்தும் இவ்வாய்வுக்குத் துணையாகின்றன.

குறிச்சொற்கள்: அச்சம், அணங்கு, மெய்ப்பாடு, பேய்ப்படம், மர்மதேசம், காணொளி விளையாட்டு, தென்னார்க்காடு.

1. சொல்லும் வகைமையும்

இவ்வகைமைக்குத் தமிழில் ஒரு நிலைத்த பெயர் இல்லை. திரையுலகம் ‘பேய்ப்படம்’ என்கிறது. பருவ இதழ்கள் ‘திகில்’ என்றும், தொலைக்காட்சி ‘மர்மம்’ என்றும், சற்றே படித்தவர் வழக்கு ‘அமானுஷ்யம்’ என்றும் குறிக்கின்றன. இச்சொற்கள் ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. ‘பேய்ப்படம்’ என்பது அச்சுறுத்தும் பொருளால் பெற்ற பெயர். ‘திகில்’ காண்போர் உடலில் நிகழும் விளைவால் பெற்ற பெயர். ‘மர்மம்’ கதை மறைத்து வைக்கும் அறிவால் பெற்ற பெயர். ஒன்று பொருளையும், ஒன்று உணர்வையும், ஒன்று கதைப்பின்னலையும் அடையாளமாகக் கொள்வதால், ‘யாவரும் நலம்’ பேய்ப்படமா மர்மப்படமா என்ற வினாவுக்கு இருவர் இரு விடை கூறினால் இருவருமே பிழைபட்டவர் ஆகார். இக்கட்டுரையில் ‘அச்ச வகைமை’ என்னும் தொடர் ஆளப்படுகிறது. அதற்குத் தொல்காப்பியத் தொடர்பு மட்டும் காரணம் அன்று. பொருள், உணர்வு, உடற்குறி ஆகிய மூன்றையும் ஒருங்கே தாங்கவல்ல சொல்லாக அச்சமே அமைகிறது.

மேலைத் திறனாய்வில் இவ்வகைமை பற்றிய சிந்தனை வளமானது. பிராய்டு 1919இல் எழுதிய கட்டுரை, பழகிய ஒன்று பழகாததாகித் திரும்பும் நிலையை விளக்கியது. தொதரோவ் 1970இல், நிகழ்ந்தது இயற்கையா இயற்கை கடந்ததா எனத் துணிய இயலாத தயக்கத்தையே விந்தைக் கதையின் உயிர் என்றார். நோயல் கரோல் 1990இல் வெளியிட்ட நூலில், கலைவழிப்பட்ட திகில் என்பது அச்சமும் அருவருப்பும் கலந்த உணர்வு என்று வரையறுத்தார். தமிழ் மாணவர்க்கு இவ்விடத்தில் ஓர் எளிய வழி புலப்படும். தொதரோவின் தயக்கத்தை மருட்கையோடும், கரோலின் அருவருப்பை இளிவரலோடும் பொருத்திவிட்டு ‘அன்றே சொன்னார் தொல்காப்பியர்’ என்று கட்டுரையை முடித்துவிடலாம். அவ்வழி நமக்கு வேண்டியதன்று. இளிவரல் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பவற்றிற் பிறப்பது. அழுகிய பிணத்தைக் கண்டு முகம் சுளிப்பதும் அதுவும் முற்றிலும் ஒன்றல்ல. பொருத்தம் காட்டிப் பெருமை கொள்வது ஒரு பணி. பழைய கருவி இன்றைய பனுவலில் எதை வெட்டிக் காட்டுகிறது என்று சோதிப்பது வேறொரு பணி. பின்னதே இங்கு மேற்கொள்ளப்படுகிறது.

2. அஞ்சினாரைக் காண்பவர் அஞ்சுவரோ?

அச்சத்தின் நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கைக் கூறுகிறது. பேயும் தெய்வமும் அணங்கினுள் அடங்கும். இந்நான்கனுள் மூன்று உலகியற் பொருள்கள். ஒன்றே உலகியல் கடந்தது. ஆனால் நான்கும் ஒரே நிரலில், ஒரே தரத்தில் வைக்கப்பட்டுள்ளன. அரசனின் சினமும் அணங்கின் சினமும் அச்சத்தைப் பொறுத்தவரை ஒரே வரிசையில் நிற்கின்றன என்பது கருதத்தக்கது. கொலைகாரர் வீட்டுக்குள் புகும் படத்தையும் பேய் புகும் படத்தையும் ஒரு வகைமையின் கீழ் வைக்கலாமா என்று இன்றும் நிகழும் வழக்குக்கு, இந்நிரல் வைக்கலாம் என்ற பக்கத்திற் சான்று பகர்கிறது.

இதனினும் பயனுடையது உரைமரபில் எழும் ஒரு வினா. சுவை இருவகை நிலத்தில் இயல்வது என்பர் பழைய உரையாளர்: உணர்வை நிகழ்த்துவோன் ஒரு நிலம், அதைக் காண்போன் மற்றொரு நிலம். ஒருவன் புலியைக் கண்டு அஞ்சுகிறான். அவன் நடுங்குவதை மற்றொருவன் காண்கிறான். முன்னவனிடத்துள்ள அச்சம் பின்னவனுக்கும் செல்லுமா? பேராசிரியர் உரை இதற்குத் தரும் விடை கூர்மையானது. அஞ்சி நிற்பவனைக் காண்போருக்கு நகை பிறக்கலாம், இரக்கம் பிறக்கலாம். அச்சம் பிறப்பதில்லை என்பது அவ்வுரையின் கருத்து. கண்டு அஞ்சுதல் வேறு. அஞ்சினாரைக் காண்டல் வேறு.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையை 1933 முதல் 1938 வரை வழிநடத்திய நாவலர் ச. சோமசுந்தர பாரதியார், பொருளதிகாரத்தில் தாம் புத்துரை கண்ட மூன்று இயல்களுள் ஒன்றாக மெய்ப்பாட்டியலைத் தேர்ந்தார். சிதம்பரத்தில் மெய்ப்பாட்டாய்வு புதிதன்று. ஆனால் அவ்வாய்வு பெரும்பாலும் அகப்பாடல்களின் மெய்ப்பாடுகளையே நாடிச் சென்றது. அச்சம் அங்கே தலைவி களவு வெளிப்படுமோ என்று அஞ்சும் அளவில் நின்றுவிட்டது. பேய் கண்டு அஞ்சும் அச்சத்திற்கு இலக்கியச் சான்று வேண்டின், சிதம்பரத்திற்குத் தெற்கே கொள்ளிடம் கடந்து புகார்க்குச் செல்ல வேண்டும்.

மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் சார்ங்கலன் என்னும் பார்ப்பனச் சிறுவன் தனியனாய்ச் சுடுகாட்டுக்குள் புகுந்துவிடுகிறான். அங்கே ஒரு பேய்மகள் பிணத்தின் தலையைக் கையிலேந்திக் களித்தாடுகிறாள். அவள் அவனைத் துரத்தவில்லை, தொடவில்லை, அவன் வந்ததை அவள் அறிந்ததாகக்கூடத் தெரியவில்லை. கண்டதே போதும். ஓடித் தாயிடம் சேர்ந்து சொல்லி உயிர்விடுகிறான். தாய் கோதமை அவனைக் கண்டு அஞ்சவில்லை; அழுகிறாள், சம்பாபதித் தெய்வத்திடம் வழக்காடுகிறாள். கண்டவன் அச்சத்தால் மாய்கிறான். அஞ்சினவனைக் கண்டவளுக்கு இரக்கமும் துயருமே மிஞ்சுகின்றன. பேராசிரியர் கூறும் இருநிலமும் ஒரே காதையில் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. அக்காலத்துச் சமயநோக்கு இக்காட்சியை நிலையாமைக்குச் சான்றாக்குகிறது என்பது உண்மை. எனினும் அச்சத்தின் இயக்கம் பற்றிய நுண்ணறிவு அதனுள் கிடக்கிறது.

3. எல்லையிலிருந்து வீட்டுக்குள்

சிதம்பரத்தில் ஆடலில் தோற்ற காளி ஊரின் வடவெல்லையில் அமர்ந்தாள் என்பது தல வழக்கு. தில்லைக்காளி கோயிலில் சினம் தணியாத காளியும், நான்முகம் கொண்டு அமைந்த பிரம்மசாமுண்டியும் தனித்தனிச் சன்னிதிகளில் உள்ளனர். ஒரே தெய்வத்தின் அச்சுறுத்தும் நிலையும் அருளும் நிலையும் ஒரே வளாகத்தில் இருப்பினும், இருநிலையும் ஊரின் நடுவில் இல்லை. அணங்குக்கு எல்லை உண்டு. கடலூர், விழுப்புரம் வட்டாரங்களில் மகாசிவராத்திரியை ஒட்டி அங்காளம்மன் கோயில்களில் நிகழும் மயானக்கொள்ளையும் அவ்வாறே: மக்கள் சுடுகாட்டுக்குச் செல்கின்றனர், சுடுகாடு வீட்டுக்கு வருவதில்லை. இவ்விழாவிற்குப் பெயர்பெற்ற மேல்மலையனூர் பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்துள் அடங்கியிருந்தது.

நவீன அச்ச இலக்கியம் இவ்வெல்லையை அழித்ததால் பிறந்தது. அந்த அழிவைத் தமிழில் நிகழ்த்தியவர் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் 1906 ஏப்ரல் 25 அன்று பிறந்த புதுமைப்பித்தன். மேரி ஷெல்லியின் நாவலைப் ‘பிரேத மனிதன்’ எனத் தமிழாக்கியவரும் அவரே. இதை வெறும் வயிற்றுப்பாட்டுக்கான மொழிபெயர்ப்பு என்று ஒதுக்குவது அவரது ‘காஞ்சனை’யையும் ‘பிரம்ம ராக்ஷஸ்’ஸையும் ஒதுக்குவதற்கு ஒப்பாகும். 1943இல் தொகுப்பாக வந்த ‘காஞ்சனை’யில் சுடுகாடும் புளியமரமும் இல்லை. ஓர் எழுத்தாளனின் வீடு, அவன் படுக்கை, உறங்கும் மனைவி, புதிதாகச் சேர்த்துக்கொண்ட வேலைக்காரி ஆகியவையே களம். அங்கே அச்சம் முதலில் மூக்கின் வழியே நுழைகிறது. நாற்றமும் நறுமணமும் மாறி மாறி வருகின்றன. கண்ணுக்குத் தெரியும் உருவத்தை நம்பியிருக்கும் திரைக்கு இக்கதை இன்றும் கைவசப்படாததற்கு இதுவே தலையாய காரணம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. மற்றொன்றும் உண்டு. கதை விளக்கத்தில் முடியாமல் வினாவில் முடிகிறது. கதைசொல்லியே அஞ்சுபவன் ஆதலின், அவனை வெளியே நின்று காண நமக்கு இடமில்லை. அவன் கண்ணுக்குள்ளேதான் நாமும் இருக்கிறோம். தன்மைக்கூற்று, காண்போன் நிலத்தை நிகழ்த்துவோன் நிலத்தோடு ஒட்டிவிடுகிறது.

4. திரை: நகையும் இரக்கமும்

தமிழ்ப் பேய்ப்படத்தைத் திறனாய்வாளர் பெரிதும் மதிப்பதில்லை. அச்சத்தோடு நகைச்சுவையைக் கலந்து இரண்டையும் கெடுத்துவிட்டது என்பது வழக்கமான குற்றச்சாட்டு. 2007இல் வந்த ‘முனி’, 2011இல் வந்த ‘காஞ்சனா’, பின்னர் வந்த ‘அரண்மனை’ வரிசை எல்லாம் இதற்கு இலக்காயின. (‘காஞ்சனா’வுக்கும் ‘காஞ்சனை’க்கும் பெயரளவில் அன்றி உறவில்லை.) இக்குற்றச்சாட்டு அரை உண்மை.

‘காஞ்சனா’வின் நாயகன் ராகவன் இருட்டினால் தாயின் துணையின்றி எழுந்து செல்லவும் அஞ்சும் வளர்ந்த ஆண். படத்தின் முற்பாதி முழுவதும் நாம் காண்பது பேயை அன்று, பேய்க்கு அஞ்சுபவனை. அரங்கம் சிரிக்கிறது. பேராசிரியர் கூறியபடியே நிகழ்கிறது. நகைக்குக் களனாகத் தொல்காப்பியம் கூறும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பவற்றுள் குறைந்தது மூன்று அந்நாயகனிடம் உள. ஆகவே இங்கு நகை வெளியிலிருந்து புகுத்தப்பட்டதன்று. அஞ்சினவனைக் காட்டும் முறையிலிருந்தே பிறந்தது. அதே படத்தின் பிற்பாதியில் பேயின் முற்கதை சொல்லப்படுகிறது. நிலத்தைப் பறித்து உயிரையும் பறித்தவர்களால் கொல்லப்பட்ட திருநங்கை காஞ்சனாவின் கதை அது. அங்கே எழுவது வெகுளி. உறுப்பறை, குடிகோள், அலை, கொலை எனத் தொல்காப்பியம் வெகுளிக்கு வகுத்த நான்கு களன்களும் அம்முற்கதையின் உறுப்புகளாக இருப்பதைக் காணலாம். அதனால்தான் பேய் பழிவாங்கும்போது அரங்கம் அஞ்சாமல் கைதட்டுகிறது. பேய்ப்படம் என்று பெயர் பெற்ற ஒன்றில் அச்சத்திற்கு எஞ்சியுள்ள இடம் மிகச் சிறிது.

இக்கலவைக்கு முன்மரபு உண்டு என்பதைத் தமிழ்த்துறையினர்க்கு நினைவூட்டத் தேவையில்லை. கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் பாடும் பேய்கள் பசியால் வாடி, உறுப்புக் குறைந்து, காளியிடம் முறையிட்டு, இறுதியில் போர்க்களத்தில் கூழட்டு உண்டு களிக்கின்றன. அங்கே இளிவரலும் நகையும் ஒரே அடுப்பில் வேகின்றன. எனினும் ஒரு வேறுபாட்டை மறைத்தல் ஆகாது. பரணியின் பேய்கள் வென்ற அரசனின் பக்கம் நின்று விருந்துண்பவை. திரையின் பேய் தோற்றவரின் பக்கம் நின்று கணக்குத் தீர்ப்பது. முன்னது அதிகாரத்தின் நகை. பின்னது அதிகாரத்தின் மீதான வெகுளி. ஆகவே பரணியைச் சுட்டிப் பேய்ப்படத்திற்கு மரபுச் சான்றிதழ் வழங்குவது பாதி வழியே செல்லும்.

பேராசிரியர் கூறிய மற்றொரு கிளை, இரக்கம். மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) அக்கிளையைச் சார்ந்தது. விபத்தில் இறந்த இளம்பெண்ணின் பேய் அங்கே காக்கும் பொருளாகிறது. முதலில் அஞ்சிய நாயகன், பின்னர் அவளுக்கு நீதி தேடி அலைகிறான். தமிழ்த்திரை அச்சத்தை அதிகநேரம் அச்சமாகவே வைத்திருக்க விரும்புவதில்லை; நகையாகவோ இரக்கமாகவோ வெகுளியாகவோ மாற்றிவிடுகிறது. குடும்பத்தோடு காணும் அரங்கின் பொருளியல் இதற்கு ஒரு காரணம். ஆனால் அதை மட்டுமே சொல்லி நிறுத்தினால், அரங்கில் உடனிருப்போர் அனைவரும் அஞ்சினாரைக் காண்பவர்கள் என்ற அடிப்படைச் செய்தி விடுபட்டுவிடும். அரங்கில் அலறும் ஒருவரைக் கண்டு பக்கத்து இருக்கையர் சிரிப்பதை யாவரும் அறிவர்.

அச்சத்தை அச்சமாகவே தர விரும்பும் படங்கள், அஞ்சுபவரைச் சட்டகத்திலிருந்து நீக்குகின்றன. கேமரா அவர் கண்ணின் இடத்தில் நிற்கிறது. ஒலி சட்டகத்திற்கு வெளியிலிருந்து வருகிறது. நாம் பொருளோடு நேருக்கு நேர் விடப்படுகிறோம். ‘பீட்சா’வில் (2012) பூட்டிய பங்களாவில் கைவிளக்கின் வட்டத்துக்குள் நாமும் அடைபடுவது இதனால். அப்படத்தின் பிற்பகுதி அவ்வச்சம் முழுதும் புனைந்து சொல்லப்பட்ட கதை என்று வெளிப்படுத்துகிறது. ஆயினும் அஞ்சிய உடல் அஞ்சியதுதான். பின்வந்த அறிவு அதை மீட்டுத் தருவதில்லை.

இவ்விடத்தில் தென்னார்க்காட்டுக் கள ஆய்வு ஒன்று திரைக்கு எதிர்ச்சான்று ஆகிறது. இசபெல் நபோகோவ் இவ்வட்டாரத்தில் ஆய்வு செய்து 2000இல் வெளியிட்ட நூலில் பேயோட்டுச் சடங்கை விரிவாக ஆராய்கிறார். அவர் பதிவின்படி, பேய் பிடித்தவர் பெரும்பாலும் மணமான இளம்பெண்கள். பிடித்த பேய் பெரும்பாலும் அகால மரணமுற்ற இளைஞன். சடங்கின் முடிவில் பெண்ணின் முடிக்கற்றையைப் புளியமரத்தில் அறைந்து பேயைக் கட்டுகின்றனர். மணவாழ்வில் ஒட்டாத பெண்ணைக் கணவனிடம் மீட்டுச் சேர்க்கும் செயலாக இதை அவர் படிக்கிறார். மீட்பு என்ற சொல்லுக்குள் இருக்கும் வன்மையையும் அவர் மறைக்கவில்லை.

திரையில் இந்த வாய்பாடு தலைகீழாகிறது. பேய் பெரும்பாலும் கெடுக்கப்பட்டு இறந்த பெண். அது புகும் உடல் ‘காஞ்சனா’ போன்ற படங்களில் ஆணுடையது. களத்தில் உயிரோடிருக்கும் பெண் தன் வாயால் சொல்ல முடியாததை ஆண்பேயின் குரலில் சொல்கிறாள். திரையில் இறந்த பெண்ணுக்காக உயிரோடிருக்கும் ஆண் பேசுகிறான், போரிடுகிறான், வெல்கிறான். நடிகரின் ஆற்றலைக் காட்ட இது நல்ல வாய்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் உயிருள்ள பெண்ணின் குறை, செத்த பெண்ணின் குறையாக ஒத்திவைக்கப்படுகிறது. ‘சந்திரமுகி’யில் (2005) பெண்ணுடலே களம் ஆகிறது, அங்கேயோ பெண்ணின் பேச்சு நோயாகப் பெயரிடப்படுகிறது. நோய் என்று முடிவு கட்டிய பிறகும் அதைத் தீர்க்கப் பேயோட்டும் சடங்கின் வடிவமே அரங்கேற்றப்படுகிறது என்பது, மூலமான மலையாள ‘மணிச்சித்ரதாழ்’ (1993) முதலாகத் தொடரும் சுவையான முரண். பேய்ப்படத்தைப் பெண்ணிய நோக்கில் ஆராய்வோர், பேயின் பாலினத்தை மட்டும் எண்ணாமல், யாருடைய உடலில் யாருடைய குரல் என்ற இரட்டைக் கணக்கையும் போடுதல் வேண்டும்.

5. சின்னத்திரை: இடைவெளியின் அச்சம்

அரங்கிலிருந்து வீடு திரும்பலாம். வீட்டிலேயே இருக்கும் பெட்டியிலிருந்து எங்கே திரும்புவது? 1990களின் பிற்பாதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்தில், நாகா இயக்கத்தில், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில் சன் தொலைக்காட்சியில் வந்த ‘மர்மதேசம்’ தமிழ்ச் சின்னத்திரையில் இவ்வகைமையின் உச்சம். ‘ரகசியம்’, ‘விடாது கருப்பு’ ஆகிய கதைகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்று ஆய்வாளர்களாகவும் நெறியாளர்களாகவும் இருக்கிறது.

‘விடாது கருப்பு’ எழுப்பும் வினா, ஊரில் தவறு செய்தோரைத் தண்டிப்பது கருப்பசாமியா, அன்றி மனித மனத்தின் பிளவா என்பது. இது தொதரோவின் தயக்கமே. ஆனால் நாவலில் தயக்கம் பக்கங்களின் அளவு நீடிக்கும். படத்தில் மணிக்கணக்கில் நீடிக்கும். வாரத்தொடரில் மாதக்கணக்கில் நீடிக்கிறது. ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையிலுள்ள ஆறு நாள்களில் பார்வையாளர் வேலைக்குச் செல்கிறார், பள்ளிக்குச் செல்கிறார், இரவில் கொல்லைப்புறம் போகிறார். கதை நின்றாலும் மருட்கை நிற்பதில்லை. தெருவிலும் பள்ளியிலும் நிகழ்ந்த ஊகங்களின் வழியே தொடரின் ஒரு பகுதியைப் பார்வையாளரே எழுதினர் என்று சொல்லலாம். அத்தொடரை இன்று இடைவெளியின்றி ஒரே மூச்சில் காண்பவர், அதே காட்சிகளைக் கண்டாலும் அதே பனுவலைக் காண்பவர் அல்லர்.

தொலைக்காட்சியின் அச்சத்தைப் பற்றிய கூர்மையான திறனாய்வு ஒரு திரைப்படத்தில்தான் கிடைக்கிறது. விக்ரம் குமாரின் ‘யாவரும் நலம்’ (2009), பதின்மூன்றாம் மாடியில் புதுவீடு புகுந்த கூட்டுக்குடும்பத்தைப் பற்றியது. வீட்டுப் பெண்கள் நாள்தோறும் பிற்பகல் ஒரு மணிக்குக் காணும் தொடரில் நிகழ்வதெல்லாம் அவ்வீட்டிலும் நிகழ்கிறது. பேய்க்குத் தேர்ந்த இடம் கிணறோ மாடியறையோ அன்று. கூடத்தின் நடுவிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டி. நெடுந்தொடரின் இயல்புகளான குடும்பத்தின் நற்செய்தி, அதைத் தொடரும் இடையூறு, நாளை வரை ஒத்திவைத்தல் ஆகியவையே இங்கே அச்சத்தின் உறுப்புகளாகின்றன. நாயகன் மனோகர் அத்தொடரைக் காணும்போது காண்பது தன்னையே. காண்போனும் நிகழ்த்துவோனும் ஒருவரே ஆகும் புள்ளியை அப்படம் தொட்டுவிட்டது. ஆனால் அரங்கிலிருந்து அவனைக் காணும் நமக்கு அந்நிலை வாய்க்கவில்லை. அதற்கு வேறொரு ஊடகம் வேண்டும்.

6. விளையாட்டு: இருநிலமும் ஒருநிலம்

காணொளி விளையாட்டு தமிழ்த்துறைகளில் ஆய்வுப் பொருளாக ஏற்கப்படத் தயங்கப்படும் ஒன்று. பனுவல் எங்கே என்பர். எஸ்பென் ஆர்சத் 1997இலேயே, வாசகர் உழைத்தாலன்றித் தோன்றாத பனுவல்கள் என்ற கருத்தை முன்வைத்து இதற்கு விடை தந்துள்ளார். ஆடுபவர் செயலின்றி விளையாட்டில் காட்சியே இல்லை.

அச்ச விளையாட்டின் வரலாறு திரையோடு பின்னியது. கியோஷி குரோசாவாவின் ஜப்பானியப் படமான ‘ஸ்வீட் ஹோம்’ 1989இல் அதே பெயரில் கேப்காம் நிறுவனத்தின் விளையாட்டாகவும் வந்தது. அதன் வழிவந்ததே 1996இன் ‘ரெசிடென்ட் ஈவில்’. 1999இல் வந்த ‘சைலன்ட் ஹில்’ ஊரைப் பனியால் மூடியது. கருவியால் தொலைவிலுள்ளதை வரைந்துகாட்ட இயலாத குறையை மறைக்க வந்த பனி, அவ்விளையாட்டின் அச்சத்திற்கே அடையாளமாயிற்று. 2010இன் ‘அம்னீசியா’வில் ஆடுபவர் கையில் படைக்கலம் இல்லை, இருளில் நின்றாலும் கெடும், பேயுருவை உற்றுநோக்கினாலும் மனநிலை சிதையும். கண்டதனாலேயே மாய்ந்த சார்ங்கலனை அறிந்தவர்க்கு இவ்விதி புதிதாகத் தோன்றாது. இதற்கு நேர்மாறாக 2001இன் ‘ஃபேட்டல் ஃப்ரேம்’ விளையாட்டில் பேயை விரட்டும் ஒரே கருவி ஒளிப்படக் கருவி. கண்ணை மூடாமல் நேரே பார்த்தால்தான் தப்பலாம்.

இவ்விளையாட்டுகளில் பேராசிரியரின் பாகுபாடு உடைகிறது. அஞ்சுபவனை வெளியே நின்று காணும் இடம் இல்லை. கதவைத் திறப்பவரும், திறக்கலாமா என்று தயங்குபவரும், திறந்ததால் சாகும் பொறுப்பை ஏற்பவரும் ஒருவரே. திரையில் நாயகி நிலவறைக்குள் இறங்கும்போது ‘போகாதே’ என்கிறோம். விளையாட்டில் அச்சொல்லைச் சொல்ல வேண்டிய ஆள் நாமே, இறங்க வேண்டியவரும் நாமே. ஆனால் உடனிருந்து ஒருவர் ஆடுவதை மற்றொருவர் வேடிக்கை பார்த்தால், அல்லது ஒருவர் ஆடி அலறுவதைப் பதிவு செய்து வலையேற்றினால், பழைய இருநிலமும் உடனே திரும்பிவிடுகின்றன. பார்ப்பவர் சிரிக்கிறார். ஆடுவோர் அலறுவதை இலட்சக்கணக்கானோர் நகைத்து மகிழும் காணொளிகளின் பெருக்கம், அந்த உரைக்கருத்துக்குக் கிடைத்துள்ள எதிர்பாராத சான்று.

விளையாட்டின் இலக்கணத்தைத் தமிழ்த்திரை உள்வாங்கிய முயற்சி அஸ்வின் சரவணனின் ‘கேம் ஓவர்’ (2019). முதற்படமான ‘மாயா’வில் (2015) திரைக்குள் திரை வைத்து அச்சத்தை அமைத்தவர் அவர். ‘கேம் ஓவர்’ நாயகி சொப்னா விளையாட்டு வடிவமைப்பாளர், பழைய வன்கொடுமையின் வடுவைச் சுமப்பவள், இருளுக்கு அஞ்சுபவள், கால்கள் முறிந்து சக்கர நாற்காலியில் இருப்பவள். முகமூடியணிந்த கொலைஞர் வீட்டுக்குள் புகுகின்றனர். அவள் கொல்லப்படுகிறாள்; மீண்டும் அதே இரவில் கண்விழிக்கிறாள். அவளுக்கு மூன்று உயிர்கள். அவளது பச்சைகுத்தலில், புற்றுநோயை எதிர்த்துப் போராடியவளும் அதே கொலைஞருக்கு இரையானவளுமான அமுதாவின் சாம்பல் கலந்திருந்தது என்ற செய்தி இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அணங்கும் கள்வரும் ஒரே கதையில் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்பது கவனிக்கத்தக்கது: இங்கே இறந்தவள் துணை, வாழ்வோரே அச்சம்.

மூன்று உயிர் என்பது விளையாட்டின் வாய்பாடு. ஒவ்வொரு சாவும் ஒரு பாடம். கொலைஞர் எவ்வழி வருவர், எங்கே நிற்பர் என்பதைச் செத்துச் செத்தே அவள் கற்கிறாள். பெருமிதத்திற்குத் தொல்காப்பியம் கூறும் களன்களில் முதலிரண்டு கல்வியும் தறுகணும். அச்சம் கல்வியின் வழியாகத் தறுகண்ணாக மாறும் இயக்கத்தை இப்படம் தெளிவாக வரைகிறது. அச்ச விளையாட்டுகள் பலவற்றின் அடிப்படை இயக்கமும் இதுவே. முதல்முறை நடுங்கிச் சென்ற நடைக்கூடத்தில் பத்தாம் முறை ஓடிச் செல்கிறோம். அதனாலேயே விளையாட்டின் அச்சம் தேயக்கூடியது. கைவந்த பின் அது கணக்காகிவிடுகிறது. ஆடுவோரை அஞ்சவே வைத்திருக்க விரும்பும் படைப்பாளர் அவர் கற்றதைப் பொய்யாக்கும் வழிகளைத் தேடுகின்றனர். ‘அம்னீசியா’ படைக்கலத்தைப் பறித்ததும் அதற்காகவே. வன்கொடுமையிலிருந்து மீள்வதை மூன்று சுற்று ஆட்டத்தின் வெற்றியாகச் சுருக்கலாமா என்ற வினா ‘கேம் ஓவர்’ படத்தின்மேல் எழுவது முறையே. கற்றதனால் வெல்லலாம் என்பது தோற்றவர் கற்கவில்லை என்ற தொனியையும் உடன்கொண்டு வருகிறது. படம் அத்தொனியை முற்றிலும் தவிர்க்கவில்லை.

தைவானின் ‘டிடென்ஷன்’ வேறொரு வழியைக் காட்டுகிறது. 1960களின் இராணுவச் சட்ட ஆட்சியில், தடை செய்யப்பட்ட நூல்களைப் படித்த ஆசிரியரும் மாணவரும் காட்டிக்கொடுக்கப்பட்ட கதை. 2017இல் விளையாட்டாகவும், 2019இல் திரைப்படமாகவும், 2020இல் தொடராகவும் வந்தது. விளையாட்டில் ஆடுபவர் தாம் இயக்கும் மாணவியே காட்டிக்கொடுத்தவள் என்பதை மெல்ல அறிகிறார். அவள் குற்றத்தில் நம் விரல்களுக்கும் பங்கு உண்டாகிறது. படத்தில் அதே செய்தியை நாம் அவளைப் பற்றிய செய்தியாகவே அறிகிறோம். மூன்று வடிவங்களையும் அடுத்தடுத்து வைத்துக் கற்பிக்கத் தக்க பாடநூல் இது. அங்கே அச்சத்தின் களன் அணங்கு அன்று, தம் இறை. அரசனின் சினத்தை அச்சத்தின் நிரலில் வைத்த இலக்கண மரபுக்குரிய நாம், அரசு அஞ்சத்தகும் பொருளாகும் பேய்க்கதையை மிக அரிதாகவே எழுதியுள்ளோம். நம் திரையில் நிலம் பறிப்பவன் தனிமனித வில்லனாகவே வருகிறான்.

புலம்பெயர் தமிழ்க்குடும்பத்தின் சமையலறையைக் களமாக்கிய ‘வெண்பா’ (2023) விளையாட்டு, தமிழ் வாழ்வு இவ்வூடகத்திற்குப் புறம்பானதன்று என்பதை உறுதிசெய்துவிட்டது. சுரபுன்னைக் காட்டின் நீர்வழிகள் பின்னிக் கிடக்கும் பிச்சாவரமும், எல்லைக்காளியும், மயானக்கொள்ளையும் உள்ள வட்டாரத்திற்கு அச்ச விளையாட்டின் களம் தேடி அலைய வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினம் முதலான கடலூர்க் கடற்கரை ஊர்கள் கண்ட அகால மரணங்களை அவ்வாறு ஆட்டக்களம் ஆக்கலாமா என்பது வேறு வினா. அதற்கு அவ்வூரார் அல்லாதார் விடை சொல்லுதல் தகாது.

7. ஆய்வுமுறை பற்றிச் சில

மூன்று ஊடகங்களையும் ஒருங்கே ஆராய விழையும் மாணவர் எதிர்கொள்ளும் முதல் இடர் பனுவற் பாதுகாப்பு. திரைப்படம் ஒருவாறு கிடைக்கிறது. தொலைக்காட்சித் தொடர்கள் கிடைக்கும் இடத்தும், ஒளிபரப்பான நாள், நேரம், விளம்பர இடைவெளி, முன்கதைச் சுருக்கம் ஆகியவை நீக்கப்பட்டே கிடைக்கின்றன. இடைவெளியே அச்சத்தின் உறுப்பு என்று மேலே கண்டோம். உறுப்பு குறைந்த பனுவலை வைத்து எழுதும் ஆய்வு அக்குறையைத் தன் முன்னுரையிலேயே சொல்லிவிட வேண்டும். அக்காலப் பார்வையாளரின் நினைவுகளை வாய்மொழி வரலாறாகத் தொகுப்பது இதற்கு ஒரு மாற்று. கடலூர், சிதம்பரம், நெய்வேலி ஆகிய ஊர்களில் 1990களில் எத்தெருவில் யார் வீட்டுப் பெட்டியைச் சுற்றி எத்தனை பேர் அமர்ந்து பார்த்தனர், யார் கதவருகே அமர அஞ்சினர் என்பதை நினைவில் வைத்திருப்போர் இன்னும் நாற்பது, ஐம்பது வயதினரே. நாட்டார் வழக்காற்றியல் மாணவர்க்குக் களம் காத்திருக்கிறது.

விளையாட்டைப் பொறுத்தவரை, ஆய்வாளர் தாமே ஆடுதல் இன்றியமையாதது. பிறர் ஆடிய பதிவைப் பார்த்து எழுதுவது, அஞ்சினாரைக் கண்டுவிட்டு அச்சத்தைப் பற்றி எழுதுவதாகும். எத்தனை மணிநேரம், எம்முறை, எங்கே நிறுத்தினார், எங்கே அஞ்சி எழுந்துவிட்டார் என்பவற்றை ஆட்டக் குறிப்பேடாக எழுதி ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்க்கலாம். நெறியாளர் குறிப்பேட்டில் ‘பயந்துபோய் நிறுத்திவிட்டேன்’ என்ற வரியைக் கண்டால் அதைக் குறையாகக் கொள்ளாமல் தரவாகக் கொள்ள வேண்டும். உள்ளத்து அச்சம் நடுக்கமாகவும் வியர்வையாகவும் மெய்யிற்படுவதே மெய்ப்பாடு என்பது உரைமரபு. அந்த மெய், இவ்வூடகத்தில், ஆய்வாளருடைய மெய்யே.